அரை இஞ்ச் அண்ணாச்சியின் ஃபர் மரம்

டெல்லியில் அவசரமே படாமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் அரை இஞ்ச் அண்ணாச்சிதான். எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சத்தியம் செய்து சொல்வேன். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி, நகர ஆரம்பித்த பிறகு ஏறுகிற ஊர் அது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்து நம் ஏழு தலைமுறையையும் விசாரிக்கிற ஊர். அந்த ஊரில் ஒரு மனிதர் வருஷத்துக்கு அரை அங்குலம் வளரும் மரம் ஒன்றை நட்டு, அது வளர்வதைப் பிரம்பு மோடா போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அவருக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. "மரம் எவ்வளவு வளர்ந்திருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டால், "அரை இஞ்ச்" என்பார். எந்த வருஷம் கேட்டாலும் அதே பதில், அதே பெருமிதம். அதனால் அரை இஞ்ச் அண்ணாச்சி. தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் காலனிக் குழந்தைகளுக்கு அவர் 'ஆதா இஞ்ச் அங்கிள்'. போஸ்ட்மேன்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சியிலிருந்து நான் டெல்லிக்கு மாற்றலாகிப் போனேன். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் மாடி வீடு கிடைத்தது. எனக்கு நேர் கீழே தரைத்தள வீட்டில் அண்ணாச்சி. ஊர் அம்பாசமுத்திரம். என் ஆபீஸிலேயே சீனியர். இருபது வருஷம் டெல்லித் தண்ணீரைக் குடித்தும் நாக்கில் தாமிரபரணி வற்றாதவர்.

அவர் மனைவியை நான் முதலில் 'அக்கா' என்று கூப்பிட்டேன். அவர் உடனே என்னைத் திருத்தினார்.

"அவியள அண்ணாச்சிங்கிய, என்னை அக்காங்கிய. அப்ப நாங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா தம்பி? மதினின்னு கூப்பிடுங்க."

அன்றிலிருந்து மதினி.

மத்திய அரசு ஊழியனுக்கு எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்காவது போய்வரச் சர்க்கார் செலவு கொடுக்கும். நான் வந்த மறு வருஷம் அண்ணாச்சி சிம்லா போனார். சிம்லா போனவர்கள் சால்வை வாங்கி வருவார்கள், ஆப்பிள் வாங்கி வருவார்கள். அண்ணாச்சி ஒரு பழைய நெய் டின்னில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு செடியை வாங்கி வந்தார். கால்காவிலிருந்து டெல்லி வரை ரயிலில் அது அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்ததாம்.

"ஃபர் மரம்வே இது. தோட்டத்துல அழகுக்கு வைக்கிற குட்டை ரகம்" என்றார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பார்த்திருப்பீர்களே, அந்த மரம்தான். யாரோ துவைத்துப் போட்டதில் சுருங்கிப்போன மாதிரி இருந்தது. அடர்ந்த பச்சை, இலையின் அடியில் மட்டும் லேசாக வெள்ளிக் கோடு. விரலால் தேய்த்தால் எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை வரும். நான் ஒரு தடவைதான் தேய்த்தேன். அண்ணாச்சி பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இது டெல்லி வெயில் தாங்குமா அண்ணாச்சி?"

"தாங்காது. ஜூன் மாசத்துல செத்துரும்னு கடைக்காரனே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் வாங்கினீங்க?"

"அவன் அப்படிச் சொன்னான்லா, அதான் வாங்கினேன்."

ஜூன் மாதம் வந்தது. டெல்லி ஜூன் மாதத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; குழாயைத் திறந்தால் டீக்குத் தயாராகத் தண்ணீர் வரும். மார்க்கெட்டிலிருந்து தினமும் ஒரு ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்து அண்ணாச்சி ஓட்டி வருவார். வழியெல்லாம் சொட்டி, வீடு சேரும்போது பாதி இருக்கும். அதை வேரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பார். பக்கத்தில் வைத்தால் மரத்துக்கு ஜன்னி கண்டுவிடுமாம்.

ஐஸ் போதவில்லை. அடுத்து அவர் செய்ததை இன்றைக்கும் ஆர்.கே.புரத்துப் பழைய ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

டெல்லி கூலர் என்பது ஒரு தகரப் பெட்டி. மூன்று பக்கமும் நனைந்த மரச்சீவல் தட்டி, நடுவில் ஃபேன். அதை ஜன்னலுக்கு வெளியே வைத்து, முகத்தை வீட்டுக்குள் திருப்பிவிடுவார்கள். வெளிக்காற்று தட்டியில் குளிர்ந்து உள்ளே வரும். அண்ணாச்சி கூலரைக் கழற்றி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி மாட்டினார். குளிர்ந்த காற்று முழுக்கத் தோட்டத்து மரத்துக்கு. வீட்டுக்குள் அதன் சத்தம் மட்டும்.

அன்று மத்தியானம் மதினியின் குரல் மாடிக்குக் கேட்டது.

"மரத்துக்குக் காத்து, எனக்கு வேர்வையா? இந்தச் செடியப் புடுங்கி ரசம் வைக்கேனா இல்லையான்னு பாருங்க!"

அண்ணாச்சியின் குரல் மெதுவாக வந்தது. "நீ விசிறி வச்சு வீசிக்கிடுவ. அதுக்குக் கை இருக்கா?"

மதினி ஒரு மோடாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மரத்துக்குப் பக்கத்தில் கூலரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க அவர் வெங்காயம் உரித்ததும் கீரை ஆய்ந்ததும் அங்கேதான். மரம் பிழைத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு மட்டும் அண்ணாச்சியின் அருமை கடைசி வரை புரியவில்லை. டெல்லியில் வீட்டுக்கு வீடு மோர்பங்கி என்று ஒரு செடி உண்டு. மயிலிறகு மாதிரி விரிந்து, இரண்டே வருஷத்தில் ஆள் உயரம் வந்துவிடும். ஆன்ட்டி மாதம் ஒரு முறை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாயீ சாப், உங்க மோர்பங்கி ஏன் இப்படி நோஞ்சானா இருக்கு?" என்று ஹிந்தியில் துக்கம் விசாரிப்பார்.

"யே மோர்பங்கி நஹீன் ஹை!" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, இது மோர்பங்கி இல்லை என்பதை ஹிந்தியிலேயே சொல்வார்.

"அச்சா, அச்சா" என்று ஆன்ட்டி போவார். அடுத்த மாதம் வந்து, "மோர்பங்கி எப்படி இருக்கு?" என்பார்.

அளக்கும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொருவருக்கும் இன்க்ரிமென்ட் தேதி தனித்தனி. அண்ணாச்சிக்குப் பிப்ரவரி முதல் தேதி. "எனக்கு ஏறுத அன்னைக்கு அதுக்கும் ஏறட்டுமே" என்று அதையே மரத்தை அளக்கும் நாளாக வைத்துக்கொண்டார். ஆபீஸ் போவதற்கு முன் குளித்து, விபூதி பூசி, ஸ்டீல் ஸ்கேலைத் துடைத்து எடுத்து வருவார். சாட்சிக்கு நான். ஸ்கேலைத் தரையில் ஊன்றி, மரத்தோடு ஒட்ட நிறுத்தி, நுனிக்கு நேராகக் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

பிறகு ஃபைல். ஆமாம், அந்த மரத்துக்கு ஒரு ஃபைல் இருந்தது. 'பொருள்: ஃபர் மரம் (குட்டை ரகம்), வளர்ச்சி குறித்து.' இடது பக்கம் குறிப்புகள், வலது பக்கம் கடிதங்கள். அரசாங்க ஃபைலுக்கு உள்ள சகல லட்சணமும் உண்டு. 'கடந்த ஆண்டின் உயரத்தோடு ஒப்பிட அரை அங்குலம் கூடுதல். பார்வைக்கு.' கீழே அவர் கையெழுத்து, அதற்கும் கீழே என் கையெழுத்து. ஆபீஸில் நான் போட்ட எத்தனையோ கையெழுத்துகளைவிட அதை ஜாக்கிரதையாகப் போட்டேன்.

ஒரு நாள் தோட்ட வேலைக்காரர் ஒருவர் காலனியில் வேலி வெட்டிக்கொண்டே வந்தார். பெரிய கத்தரியோடு அண்ணாச்சி வீட்டுக்குள் நுழைந்து, மோர்பங்கி என்று நினைத்து மரத்தை உருண்டையாக வெட்டிவிடக் குனிந்தார். அண்ணாச்சி ஆபீஸில். எங்கிருந்தோ மதினி தோசைக் கரண்டியோடு ஓடி வந்து நடுவில் நின்றார். மதினிக்குத் தெரிந்த ஹிந்தி நாலே வார்த்தை. நாலையும் ஒரே மூச்சில் சொன்னார்: "நஹீன்! பையா! ஜாவ்! ஜல்தி!" இல்லை, அண்ணா, போ, சீக்கிரம். அன்று லீவில் மாடியில் இருந்த நான் பார்க்கப் பார்க்கக் கத்தரிக்காரர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். ரசம் வைக்கிறேன் என்று சொன்ன அம்மாள்தான் இவர்.

மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, அந்தப் பெரிய துக்கம் நடந்தது. மரத்துக்கு ஊட்டம் போதவில்லை என்று யாரோ சொல்ல, ஜனவரி கடைசியில் அண்ணாச்சி இலை எருவும் மண்ணும் கலந்து வாங்கி வந்து, அடியில் சீராகப் பரப்பியிருந்தார். பிப்ரவரி முதல் தேதி ஸ்கேலை ஊன்றினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீரு பாரும்வே."

பார்த்தேன். போன வருஷத்து உயரம் எதுவோ அதேதான். நூல் அளவுகூட மாற்றமில்லை.

அண்ணாச்சி ஃபைலில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று ஆபீஸில் அவருடைய இன்க்ரிமென்ட் ஆர்டரைக் கையில் கொடுத்தபோது இழவுத் தந்தி போல வாங்கிக்கொண்டார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஸ்டாக்னேஷன்" என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டார். சம்பள விகிதத்தின் உச்சியைத் தொட்டு மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்ட ஊழியரைப் பற்றி எங்கள் ஆபீஸில் சொல்கிற வார்த்தை அது.

அடுத்த வருஷம் ஜனவரிக் கடைசியிலும் அவர் எரு போட்டார். அளக்கும் நாளுக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் வெயிலுக்காக பால்கனியில் வந்து நின்றால், கீழே மதினி குந்தி உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் ஸ்பூனால் மரத்தடி மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முறத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க மதினி?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு உதட்டில் விரலை வைத்தார். நான் கீழே இறங்கிப் போனேன்.

"தம்பி, யார்ட்டயும் சொல்லிப்புடாதிய. கீழ மண்ணக் கொஞ்சம் எடுத்துட்டா, ஸ்கேல் வைக்கும்போது மேல அரை இஞ்ச் கூடக் காட்டும்லா?"

"இது மோசடி மதினி!"

"மோசடிதான். போன வருசம் அவிய மூணு நாள் பட்டினி கிடந்தது உங்களுக்கு மறந்துபோச்சா?" ஸ்பூனைக் கீழே வைத்தார். "அவியளும் இருபது வருசமா ஆபீசுல என்ன செய்யுதாவ? எவனோ ஆரம்பிச்ச ஃபைலுல கையெழுத்துப் போடுதாவ. அவியளா ஆரம்பிச்ச ஃபைல் இது ஒண்ணுதான் தம்பி. அதுல 'வளர்ச்சி இல்லை'ன்னு எழுதிட்டு வந்து உக்காந்தா, எனக்குப் பாக்கச் சகிக்கல."

முறத்தை வாங்கிக்கொண்டு போய் மண்ணைப் பின்பக்கம் கொட்டினேன். மறுநாள் காலை அண்ணாச்சி ஸ்கேலை ஊன்றினார். அரை இஞ்ச் காட்டியது. "ஏளா, அரை இஞ்ச்!" என்று அவர் உள்ளே பார்த்துக் கூவ, "பெரிய அதிசயம்! தோச ஆறுது, வாங்க" என்று மதினி எரிந்து விழுந்தார். நான் குற்றவாளி போலக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இப்படியேதான். ஜனவரிக் கடைசியில் அவர் எரு போடுவார்; மாதக் கடைசி நாளில் மதினி ஸ்பூன் எடுப்பார்; முதல் தேதி அரை இஞ்ச்.

இதற்கு நடுவில் ஒரு தடவை அண்ணாச்சிக்குச் சென்னைக் கிளைக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. டெல்லித் தமிழன் அதற்காக எத்தனை பேர் காலைப் பிடிப்பான் தெரியுமா? இவர் கேட்காமலே வந்தது. மதினி அன்று காலனியில் தமிழ் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொன்னார். ஊறுகாய் ஜாடிகளைக் காலி செய்து எங்களுக்குப் பங்கு போட்டார். அண்ணாச்சி மூன்று நாள் மாலையில் மோடாவைப் போட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் மதினி என்னிடம் வந்து, ஊறுகாயைத் திருப்பிக் கேட்டார்.

"என்ன மதினி, ஊருக்குப் போகலையா?"

"வரலைன்னு எழுதிக் குடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சென்னையில மட்டும் என்ன, வேர்க்கத்தான் செய்யும்" என்றார்.

அந்த வாரம் அண்ணாச்சியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "ஒரு செடிக்காக மதினியைப் போய் இப்படி..."

அவர் கோபப்படவில்லை. "நான் இந்த ஊருல இதுவரைக்கும் அஞ்சு வீடு மாறியாச்சுவே. எந்த வீட்டுலயும் ஒரு ஆணி அடிச்சது கிடையாது. காலி பண்ணும்போது சுவத்துல ஓட்டை இருக்குன்னு எழுதிருவான்லா? சாமி படத்தக்கூட ஸ்டூல் மேல சாத்தித்தான் வச்சிருக்கேன். எங்க போனாலும் வந்த சுவடு தெரியாமப் போயிருக்கேன். ஒரே ஒரு இடத்துலயாவது நான் இருந்தேன்னு ஏதாவது நிக்கட்டுமே."

அன்று இரவே என் வீட்டுச் சுவர்களைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு ஆணி இல்லை.

ஓய்வு பெறும் வயதை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக உயர்த்தி ஆர்டர் வந்த அன்று ஆபீஸே கையில் காகிதத்தோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "ஒரு இஞ்ச் கெடச்சிருக்குவே."

அந்த ஒரு இஞ்சும் தீர்ந்தது. ஒரு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி மாலை போட்டு, சமோசா கொடுத்து, சூட்கேஸ் பரிசளித்து அனுப்பிவைத்தார்கள். சில மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மயூர் விஹாரில் சொசைட்டி ஃப்ளாட் ஒன்று வாங்கியிருந்தார், மூன்றாவது மாடி. மேற்குப் பார்த்த பால்கனி. சாயங்கால வெயிலில் அங்கே துணி காயும், அப்பளம் காயும், மனிதனும் காய்வான். ஃபர் மரத்தைத் தொட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்காது. நிலத்திலிருந்து பெயர்ப்பதே உயிருக்கு ஆபத்து, அதையும் கடுங்குளிரில்தான் செய்யலாம் என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டார். காலி செய்ய வேண்டிய கெடுவோ வெயில் காலத்திலேயே முடிந்துவிடும். பிறகு வருகிறவர் அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்துவார், அல்லது நல்ல மோர்பங்கியாக ஒன்று வைப்பார்.

அண்ணாச்சி குளிர்காலம் வரை வீட்டை நீட்டிக்கக் கேட்டு மனுப் போட்டார். நோய் என்றால் தருவார்கள், பிள்ளைகளின் படிப்பு என்றால் தருவார்கள். "முதுகுவலின்னு ஒரு டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கிடலாம் அண்ணாச்சி" என்று நான் கெஞ்சினேன்.

"முப்பத்தாறு வருசத்துல நான் ஒரு பொய் நோட்டு எழுதினதில்ல. கடைசிக் காயிதத்துலயா எழுதுவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பொய்யே எழுதாத மனிதரின் ஃபைலில் நானும் மதினியும் ஸ்பூனால் எத்தனை வருஷத்துப் பொய்யை எழுதி வைத்திருக்கிறோம்! அவர் மனுவில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: காரணம், ஃபர் மரம் ஒன்று. பதில் வந்தது. 'மரத்தின் பொருட்டுக் குடியிருப்பை நீட்டிக்க விதிகளில் இடமில்லை என்று தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்.' அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்து, "டிராஃப்ட் நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லி ஃபைலின் வலது பக்கத்தில் கோர்த்தார்.

எங்கள் குடியிருப்பு விதியில் 'சேஞ்ச்' என்று ஒன்று உண்டு. அதே தரத்தில் வேறு வீட்டுக்கு மாற, ஒரே ஒரு தடவை விண்ணப்பிக்கலாம். என் மனைவி வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாகப் போக அதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தோம். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது தயங்கித் தயங்கி அவளிடம் விஷயத்தை ஆரம்பித்தேன். "கீழ் வீடுதானே? விண்ணப்பம் எழுதியாச்சா, இனிமேதானா?" என்று கேட்டுவிட்டு, ரசம் ஊற்றினாள்.

பட்டியலில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். தரைத்தள வீடு என்றால் போட்டி. இருவரும் வந்து பார்த்தார்கள். பத்து வருஷத்து ஐஸும் கூலர் தண்ணீரும் குடித்து ஜன்னல் சுவர் முழுக்க ஈரம் பாரித்து, சுண்ணாம்பு பொரிந்து, பாசி பிடித்துக் கிடந்தது. "இதுல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு எனக்கு வந்தது. ஒரே ஒரு சேஞ்சையும் செலவழித்துப் பதினாறு படி இறங்கிக் குடிவந்த ஒரே அரசு ஊழியன் நான்தான்.

சாவி என் கைக்கு வந்த அன்று அண்ணாச்சி ஸ்டீல் ஸ்கேலையும் ஃபைலையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மதினி மட்டும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குளிர்காலம் வந்தது. பெயர்த்து எங்கே கொண்டுபோவது என்ற பேச்சே எழவில்லை. ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு பையில் எருவோடு அண்ணாச்சி வந்தார். மரத்தடியில் சீராகப் பரப்பி, உள்ளங்கையால் தட்டிவிட்டுப் போனார். முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ஃபோன் மணி அடித்தது.

"தம்பி, நாளைக்கு அவிய அளக்க வாராவ. என்னால அங்கன வர முடியாதே! ஸ்பூன் இருக்கா?"

"இருக்கு மதினி."

"வேர்ல படாம எடுங்க. ஓரத்துலேர்ந்து சுரண்டுங்க."

ஸ்பூனை எடுத்துக்கொண்டு மரத்தடியில் குந்தினேன். ஐம்பதை நெருங்கும் ஒரு மத்திய அரசு அதிகாரி செய்கிற காரியமா இது? பஞ்சாபி ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மோர்பங்கிக்கு இப்போ நீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அண்ணாச்சி குளித்து, விபூதியோடு வந்தார். இன்க்ரிமென்ட் நின்று போனாலும் தேதி நிற்கவில்லை. ஸ்கேலை ஊன்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "அரை இஞ்ச்" என்றார். எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். போட்டேன். மரம் அப்போது ஒன்றரைச் சாண்.

இருவரும் வெயிலில் மோடாவைப் போட்டு, வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தோம். அண்ணாச்சி மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சுரண்டினா வட்டமா, சுத்தமா இருக்கும்" என்றார். "நீரு சுரண்டினது கோணலா இருக்கு."

வாயில் போட்ட கடலை அப்படியே நின்றது. "அண்ணாச்சி... உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த வருசம், வளர்ச்சி இல்லைன்னு எழுதின பொறகு, ஒரு மாசம் யோசிச்சேன்வே. அப்பத்தான் உறைச்சுது. நான் அரை இஞ்ச் கனத்துக்கு எருவப் போட்டுட்டு அதுமேல ஸ்கேல வச்சா, வளந்த அரை இஞ்ச் மண்ணுக்குள்ளல்லா போயிரும்? மரம் வளராம இல்ல. தப்பு எம்பேர்ல. அடுத்த வருசம் எரு போட்டேன், அளக்கதுக்கு முன்ன நானே எடுத்துறணும்னு இருந்தேன். ஆபீசுலேர்ந்து வந்து பாத்தா, யாரோ எடுத்திருக்கு. வட்டமா. சமையக்கட்டுல ஸ்பூன் ஓரத்துல மண்ணு."

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. மதினி எடுத்தது அவர் போட்ட எருவை மட்டும்தான். அதை எடுத்த பிறகு ஸ்கேல் காட்டியது மரத்தின் சொந்த வளர்ச்சி. நான் பொய் என்று நினைத்துப் போட்ட கையெழுத்தெல்லாம் நிஜத்துக்குப் போட்டது. அந்த ஃபைலில் ஒரு பொய்கூட இல்லை.

"அப்போ எரு போடுறதை நிறுத்தியிருக்கலாமே? நிறுத்தினா சுரண்ட வேண்டிய வேலையே இல்லையே?"

அண்ணாச்சி ஒரு கடலையை உடைத்து, தோலை ஊதினார்.

"என்னவே, இவ்வளவு வருசம் இருந்தும் புரியலையே உமக்கு! எனக்காக ஊருக்குப் போறதையே வேண்டாம்னவ. வருசத்துக்கு ஒருக்கா எனக்கு அரை இஞ்ச் குடுக்கணும்னு ஆசைப்படுதா. அவ எடுக்கதுக்கு மண்ணு வேண்டாமா?"

அவர் பஸ் ஏறிப் போன பிறகு, நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் ஃபோன் அடித்தது.

"தம்பி, சந்தேகம் ஏதும் பட்டாவளா?"

சுவரைப் பார்த்தேன். குடிவந்த வாரமே நான் அடித்த ஆணியில் சாமி படம் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம்கூட இல்ல மதினி" என்றேன். "ஒரே சந்தோஷமாப் போறார்."

"அப்பாடா!" என்றார் மதினி. அந்தக் குரலில் அவ்வளவு பெருமை. அந்த மரத்து விவகாரத்தில் இத்தனை வருஷத்தில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான்; அதைச் சொன்னவன் நான். நான் ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு பிப்ரவரி முதல் தேதியும் அதைத் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.